13 வயது, ஸ்கோர் ஏறுகிறது: கோச்சை மாற்றவா, ஸ்விங்கை மாற்றவா?

புல்நுனி | 4 ஜனவரி 2024

நேராகவே கேட்கிறேன். பையனுக்கு 13 வயது, வலக்கை ஆட்டம். மூன்று வருடமாக கோல்ஃப். வாரம் ஐந்து நாள், நாளுக்கு இரண்டரை மணி நேரம், ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) 150 பந்து. சனிக்கிழமை போட்டி, அது ஒரு நாலு மணி நேரம். போன ஜூனில் 9 ஹோலை (குழியை) 47 அடியில் முடித்தவனுக்கு இப்போது 53 ஆகிறது; குறைய வேண்டிய எண் ஏறுகிறது. டிரைவரில் (அதிக தூரம் அடிக்கும் மட்டையில்) பந்து 160 கஜம் போகிறது, ஆடும் மைதானம் 5,900 கஜம். கோச் ஸ்விங் பாதையை, அதாவது மட்டை வீசி வரும் வழியை, மாற்றிக்கொண்டிருக்கிறார். மாற்றத் தொடங்கியதிலிருந்து இன்னும் மோசம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது. ஃபுட்பாலையும் நீச்சலையும் நிறுத்திவிட்டு அடுத்த இரண்டு வருடத்தை முழுக்க கோல்ஃபில் போட்டால் எட்டிப் பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. கோச்சை மாற்றவா, ஸ்விங்கை மாற்றவா?

மணற்குழி | 4 ஜனவரி, இரவு

இப்போதைக்கு இரண்டையும் தொட வேண்டாம். முதலில் பையனின் உயரத்தை அளந்து பாருங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய அளவு எங்காவது எழுதியிருக்கும், தேடி எடுங்கள்.

வளர்ச்சி வேகம் உச்சத்தைத் தொடுவது பையன்களுக்குச் சராசரியாக 14 வயதில், பெண்களுக்கு 12-ல். ஒரு வருடம் முன்பின் ஆவது சாதாரணம். அதுவரை வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்ந்தவன் அந்தச் சமயத்தில் 9, 10 செ.மீ. போடுவான். கால்கள் முதலில் நீளும், முதுகு பிறகு. கை நீண்டு, இடுப்பு உயர்ந்து, தோளுக்கும் பந்துக்கும் உள்ள தூரமே மாறிவிடும். மூளையில் இருப்பதோ பழைய உடம்பின் கணக்கு. ஸ்விங்கின் அடிப்புள்ளி இரண்டு செ.மீ. பின்னால் போனாலே போதும், பந்துக்கு முன்பாக மண்ணை வெட்டும். அதற்குப் பயந்து அடுத்த அடியில் எழும்புவான், கிளப்பின் (மட்டையின்) விளிம்பு பந்தின் தலையில் படும். ஒரே பையன், ஒரே நாளில் இரண்டு விதமாகவும் அடிப்பான். பார்க்கிறவர்களுக்கு அது கவனக்குறைவாகத் தெரியும்.

மணற்குழி | 5 ஜனவரி

பழமொழிக்குப் பதில் சொல்லாமல் விட்டிருந்தேன். லாரி நெல்சன் வியட்நாம் போரிலிருந்து திரும்பி வந்து 21 வயதில் ஆடத் தொடங்கியவர். 1981, 1983, 1987 என்று மூன்று மேஜர் (கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகள்) வென்றார். தென்கொரியாவின் ஒய்.ஈ. யாங் 19 வயதில் ரேஞ்சில் பந்து பொறுக்கும் வேலைக்குப் போய், அங்கேயே பழகியவர். 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசி நாளில் டைகர் வுட்ஸை முந்தினார். இங்கிலாந்துச் சாம்பியன் நிக் ஃபால்டோ 1971 மாஸ்டர்ஸ் போட்டியை டிவியில் பார்த்த பிறகுதான் கிளப்பைத் தொட்டார், அப்போது அவருக்கு 14 நடப்பு. ஸ்வீடன் சாம்பியன் ஆனிகா சோரன்ஸ்டாம் டென்னிஸ் ஆடிவிட்டு 12 வயதில் இங்கே வந்தவர்.

வுட்ஸ் 1978-ல் 2 வயதில் டிவி நிகழ்ச்சியில் பந்தடித்தாரே என்பீர்கள். அடித்தார். ஜெயித்தவர்களின் பெயரை வைத்து எந்தக் கட்சியும் பேசலாம். அதே வயதில் தொடங்கிக் காணாமல் போனவர்களின் பட்டியல் யாரிடமும் இல்லை. 13 வயதோடு கதவு சாத்தப்படுகிறது என்ற பயத்தைப் போக்குவதற்கு மட்டும் மேலே சொன்ன நால்வர் போதும்.

இரும்பு ஏழு | 5 ஜனவரி

பெயர்கள் இருக்கட்டும், கணக்கு பேசுவோம். வாரத்துக்கு பன்னிரண்டரை மணி நேரம் பயிற்சி, நாலு மணி நேரம் போட்டி. வருடத்துக்கு ஏறத்தாழ 860 மணி நேரம். தேர்ச்சிக்கு 10,000 மணி நேரம் வேண்டும் என்கிறார்களே, அதைச் சேர்க்கவே பன்னிரண்டு வருடம் ஆகும். சீக்கிரம் தொடங்கி நேரத்தைக் கூட்டினால்தானே முடியும்?

மணற்குழி | 6 ஜனவரி

அந்த 10,000-ன் கதை இதுதான். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் 1993-ல் பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி எழுதினார்கள். மிகச் சிறந்த குழு 20 வயதுக்குள் சேர்த்த தனிப்பயிற்சியின் சராசரி அது. சராசரி என்றால் அதற்குக் கீழேயும் ஆட்கள் இருந்தார்கள். 20 வயதில் அவர்கள் இன்னும் மாணவர்கள்தான், மேதைகளாகிவிடவில்லை. எல்லைக்கோடு என்று எரிக்சன் சொல்லவே இல்லை. பிறகு பிரபலமான பொருளை அவர் ஏற்கவும் இல்லை.

கோல்ஃபிலேயே இதைச் சோதித்தவர் உண்டு. டான் மெக்லாஃப்லின் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 2010-ல் வேலையை விட்டுவிட்டு 10,000 மணி நேரம் ஆடுவதென்று இறங்கினார். குழிக்குப் பக்கத்தில் தொடங்கி, பல மாதம் பட்டிங் (பந்தைக் குழிக்குள் உருட்டுவது) மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி வந்தார். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) 2.6 வரை இறங்கியது. முப்பதை எட்டும் வயதில் தொடங்கியவருக்கு அது அபாரம். சுமார் 6,000 மணி நேரத்தில், 2015-ல், முதுகு நிறுத்திவிட்டது. மணிக்கணக்கு ஏறுவது தெரிகிறது, முதுகெலும்பு தாங்குவது தெரிவதில்லை.

எலும்பும் தசையும் | 7 ஜனவரி

முதுகு பேச்சு வந்ததால் நுழைகிறேன். வளரும் பிள்ளைகளுக்கு விளையாட்டு மருத்துவத்தில் சொல்லும் எளிய வரம்பு ஒன்று உண்டு: ஒழுங்குபடுத்திய பயிற்சியும் போட்டியும் சேர்ந்து, வாரத்துக்கு வயதின் எண்ணிக்கையைத் தாண்டாத மணி நேரம். 13 வயதுக்கு 13. உங்கள் பையன் கோல்ஃபிலேயே பதினாறரையில் இருக்கிறான். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, வருடத்தில் இரண்டு மூன்று மாதம் அந்த ஒரு ஆட்டத்திலிருந்து விடுப்பு என்பதும் வழக்கமான பரிந்துரை. விடுப்பைத் தொடர்ச்சியாக எடுக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு மாதமாகப் பிரிக்கலாம்.

ரேஞ்சில் வாரம் 750 பந்து, எல்லாம் ஒரே பக்கம் முறுக்கி, ஒரே பக்கம் பின்னால் வளைந்து முடிவது. கீழ் முதுகெலும்பின் பின்புறமுள்ள மெல்லிய பாலம் போன்ற பகுதியில் அழுத்த விரிசல் வருவது இந்த வயதில்தான். அடையாளம்: பின்னால் வளையும்போது ஒரு பக்கமாக வலி, குனிந்தால் குறைவது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். இப்போதே வலி இருக்கிறதா என்று பையனிடம் கேளுங்கள். போட்டிப் பட்டியல் பறிபோகுமோ என்ற பயத்தில் மறைப்பார்கள்.

ஃபுட்பாலை நிறுத்தாதீர்கள். ஓடி நிற்பது, ஒற்றைக் காலில் எடையை வாங்குவது, திசை மாற்றுவது இவையெல்லாம் ரேஞ்சில் கிடைக்காது. நீச்சல் இரண்டு தோளையும் சமமாக வேலை வாங்கும். விளையாட்டு அறிஞர் இஸ்த்வான் பாலியின் நீண்டகால வளர்ச்சி மாதிரியிலும், அந்த ஒரே ஆட்டம் என்று தாமதமாக இறங்கினால் போதும் என்ற வகையில்தான் கோல்ஃப் வருகிறது. ஜிம்னாஸ்டிக்ஸ், டைவிங் போன்றவை வேறு ரகம்.

மணற்குழி | 7 ஜனவரி, மாலை

பாலி மாதிரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 9 முதல் 12 வயது பையன்கள் ‘பயிலக் கற்கும்’ கட்டம், 12 முதல் 16 ‘பயிற்சிக்குப் பயிலும்’ கட்டம் என்று பிரித்திருப்பது உபயோகமான வரைபடம். இந்த வயதில் இந்தத் திறனைப் பிடிக்காவிட்டால் போச்சு என்ற ‘ஜன்னல்’ பகுதிக்கு ஆதாரம் மெலிது. 2011-லேயே ஆய்வாளர்கள் அதைக் கேள்வி கேட்டுவிட்டார்கள். வேகம், வலு, நுணுக்கம் மூன்றையும் எல்லா வயதிலும் வளர்க்கலாம், விகிதம்தான் மாறும். சரியான மேற்பார்வையில் எடைப்பயிற்சி செய்தால் வளர்ச்சி குன்றும் என்பதும் கட்டுக்கதை.

புல்நுனி | 8 ஜனவரி

ஜூனில் 148.5. இன்று காலை 153. வலி இல்லை என்கிறான். இரண்டு முறை கேட்டேன்.

மணற்குழி | 8 ஜனவரி

ஆறு மாதத்தில் 4.5, அதாவது வருட வேகம் 9 செ.மீ. ஸ்கோர் 47-லிருந்து 53 ஆனதன் பெரும்பகுதிக்கு விளக்கம் அங்கேயே இருக்கிறது. இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அளந்து நான்கால் பெருக்கிக் குறித்து வையுங்கள். 7-ஐத் தாண்டினால் பாய்ச்சல் காலம் என்று நான் வைத்துக்கொள்வேன்.

இரும்பு ஏழு | 8 ஜனவரி

நான்கால் பெருக்கினால் பிழையும் நான்கு மடங்காகும். வீட்டு டேப்பில் அரை செ.மீ. தவறுவது சகஜம், அது வருட வேகத்தில் 2 செ.மீ. ஆகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளங்கள், ஆனால் ஆறு மாத இடைவெளி உள்ள இரண்டு அளவுகளை ஒப்பிட்டு இரண்டால் பெருக்குங்கள். வெறுங்காலுடன், எழுந்த ஒரு மணி நேரத்துக்குள். மாலைக்குள் எல்லோருமே ஒரு செ.மீ. அளவுக்குச் சுருங்குகிறோம்.

மணற்குழி | 9 ஜனவரி

சரியான திருத்தம், அப்படியே செய்யுங்கள். உட்கார்ந்த உயரத்தையும் குறித்தால் இன்னும் நல்லது. கால் நீட்சி அடங்கி உட்கார்ந்த உயரம் வேகமெடுத்தால் பாய்ச்சலின் பின்பாதி என்று பொருள்.

புல்நுனி | 10 ஜனவரி

வளர்ச்சி சரி. பாதையை மாற்றத் தொடங்கியபின் பந்து வலப்பக்கம் காட்டுக்குள் போகிறதே, அதுவும் உயரமா?

மணற்குழி | 12 ஜனவரி

இல்லை, அது வேறு சங்கதி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் கிளப் முகம் (பந்தில் படும் தட்டையான பக்கம்) தீர்மானிக்கிறது. எந்தப் பக்கம் வளையும் என்பது முகத்துக்கும் பாதைக்கும் இடையே உள்ள கோணத்தைப் பொறுத்தது. பையனின் பழைய அடியில் பாதை இலக்குக்கு 6 டிகிரி இடப்பக்கம், முகம் 2 டிகிரி இடப்பக்கம் என்று வையுங்கள். பாதையோடு ஒப்பிட்டால் முகம் 4 டிகிரி திறந்திருக்கிறது. பந்து சற்று இடப்பக்கம் கிளம்பி, வலப்பக்கம் வளைந்து, மைதானத்துக்குள்ளேயே வந்து விழும். அழகாக இருக்காது, ஆனால் பந்து தொலையாது.

இப்போது கோச் பாதையை நேராக்குகிறார். 6 என்பது 0 ஆகிறது. மணிக்கட்டும் கிரிப்பும் (கிளப்பைப் பிடிக்கும் பிடியும்) பழைய வழக்கத்திலேயே இருப்பதால் முகம் பாதைக்கு இன்னும் 4 டிகிரி திறந்தபடி வந்து சேர்கிறது. ஆகவே முகம் இலக்குக்கும் 4 டிகிரி வலப்பக்கம். பந்து வலப்பக்கமே கிளம்பி, மேலும் வலப்பக்கம் வளையும். ஸ்விங் முன்னைவிடச் சரி, பந்து முன்னைவிட மோசம். பழைய தப்பை இன்னொரு தப்பு தாங்கிக்கொண்டிருந்தது. ஒன்றை மட்டும் எடுத்தால் மற்றது அம்பலமாகிறது.

கோச்சை மாற்றும் படலம் வழக்கமாக இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. புதியவர் பந்து போகிற திசையைப் பார்த்துவிட்டு இடப்பக்கம் இழுத்து அடிக்கச் சொல்வார். ஒரே வாரத்தில் பந்து உள்ளே வரும், பாதை மறுபடி 6 டிகிரிக்குத் திரும்பியிருக்கும். எல்லோரும் மகிழ்ச்சி, ஆறு மாதம் வீண். உங்கள் கோச்சிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: கிளப் முகத்தை எப்போது திருத்துவதாக இருக்கிறீர்கள்? பதில் இருந்தால் அவரோடு இருங்கள். என்ன முகம் என்று அவர் கேட்டால் அப்புறம் யோசிக்கலாம்.

மாற்றத்தைப் படியேற்றும் வரிசை: முதலில் பந்தே இல்லாமல், கண்ணாடி முன், மெதுவாக, ஒரு நாளைக்கு இருபது. பிறகு 8-அயர்ன் (இரும்புத் தலைக் கிளப்), ஒரு செ.மீ. உயர டீயில் (பந்தைத் தாங்கும் சிறு ஆணியில்) பந்து, இடுப்பிலிருந்து இடுப்பு வரை, 40 கஜம் போனால் போதும். பந்துக்கு வெளிப்பக்கமாகச் சற்றுப் பின்னால் ஒரு கிளப் உறையைப் போட்டு வைத்தால், பழைய பாதையில் வரும் அடி அதைத் தட்டிவிடும், யாரும் வாயால் சொல்லித் திருத்த வேண்டியதில்லை. மூன்றாவது அதே கிளப்பில் முழு ஸ்விங். நான்காவது ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பும் இலக்கும் மாற்றுவது. ஐந்தாவது மைதானத்தில், ஸ்கோர் எழுதாமல். கடைசியில் போட்டி. அடுத்த படிக்குப் போக 10 பந்துக்கு 7 சரியாக வர வேண்டும், அதுவும் இரண்டு வெவ்வேறு நாளில்.

உங்கள் பையன் முதல் படியிலிருந்து சனிக்கிழமை போட்டிக்குத் தாவிக்கொண்டிருக்கிறான். போட்டியில் உடம்பு தனக்குத் தெரிந்த பழசுக்குத்தான் போகும். வாரம் முழுக்கப் புதிது, சனிக்கிழமை பழசு என்றால் இரண்டும் அரைகுறையாக நிற்கும்.

மணற்குழி | 12 ஜனவரி, மறுபடி

ஒன்று விட்டுப்போச்சு. அந்த 10-க்கு 7-ஐ எப்போது எண்ணுவது? பயிற்சி முடியும் நேரத்தில் எண்ணாதீர்கள். 60 பந்து அடித்த பிறகு யார் வேண்டுமானாலும் ஒரே அடியைத் திரும்ப அடிப்பார்கள். மறுநாள் வந்ததும், உடம்பு சூடான பிறகு, முதல் பத்துப் பந்து: அதுதான் கணக்கு. ஒரே அடியைத் தொடர்ந்து பழகுவது அந்த நேரத்துக்கு நன்றாகத் தெரியும், மாற்றி மாற்றிப் பழகியதுதான் பிறகு நிலைக்கும். இயக்கக் கற்றலில் இது 1979-ல் ஷே, மோர்கன் என்ற ஆய்வாளர்கள் காட்டியதிலிருந்து பேசப்படுகிற விஷயம். அதனால் நான்காம் படியில் பந்துகள் சிதறுவதைப் பார்த்துப் பதற வேண்டாம், சிதறத்தான் செய்யும்.

இரும்பு ஏழு | 13 ஜனவரி

பெரியவர்களே இதற்கு எவ்வளவு காலம் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஃபால்டோ 1985-ல் கோச் டேவிட் லெட்பெட்டரோடு ஸ்விங்கைப் பிரித்துக் கட்டத் தொடங்கினார். பலன் 1987 ஓப்பனில், முயர்ஃபீல்டில், கடைசி நாள் 18 ஹோலும் பார் (ஒவ்வொரு ஹோலுக்கும் வகுத்த அடி எண்ணிக்கையிலேயே முடித்தார்). வுட்ஸ் 1997 மாஸ்டர்ஸை ஸ்கோரில் 12 வித்தியாசத்தில் வென்ற கையோடு கோச் புட்ச் ஹார்மனோடு ஸ்விங்கை மாற்றினார். 1998-ல் பிஜிஏ டூரில் (தொழில்முறைப் போட்டித் தொடரில்) ஒரே ஒரு வெற்றி. 1999-ல் எட்டு, 2000-ல் ஒன்பது.

மணற்குழி | 13 ஜனவரி

முழுநேரமும் இதையே செய்த, வளர்ச்சி முடிந்த உடம்பு கொண்டவர்களுக்கே ஒன்றரை, இரண்டு வருடம். இங்கே கீழே தரையே நகர்ந்துகொண்டிருக்கிறது.

மணற்குழி | 15 ஜனவரி

இரண்டு நாளாக யோசித்ததில் 12-ம் தேதி சொன்னதைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். வருட வேகம் 9 செ.மீ. ஓடும்போது அந்த ஆறு படியையும் ஏறப் பார்ப்பது வீண் வேலை. கோச்சிடம் பேசி, வேகம் 6-க்குக் கீழே வரும்வரை இரண்டாம் படியிலேயே நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். இந்தக் காலத்தில் காக்க வேண்டியவை நான்கு: கிரிப், நிற்கும் நிலை, பந்து வைக்கும் இடம், கடைசி வரை சமநிலை. முழு ஸ்விங் பந்துகளை நாளுக்கு 150-லிருந்து 40-க்குக் குறையுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் போய் இலக்கைப் பார்த்துவிட்டு வந்து அடித்தால் 40 பந்துக்கே அரை மணி நேரம் ஆகும். மிச்ச நேரம் பட்டிங், சிப்பிங் (கிட்டத்திலிருந்து தூக்கி விடும் சின்ன அடி), பங்கர் (மணற்குழியிலிருந்து அடிப்பது). உடம்பு நீண்டாலும் அங்கே இழப்பு குறைவு, கை உணர்வு தங்கும்.

புல்நுனி | 15 ஜனவரி

40 பந்தா? மற்ற பிள்ளைகள் 200 அடிக்கிறார்கள்.

மணற்குழி | 15 ஜனவரி

அடிக்கட்டும். ரேஞ்சுக்காரருக்கும் பிழைப்பு நடக்க வேண்டாமா?

எலும்பும் தசையும் | 17 ஜனவரி

ரேஞ்சில் மிச்சமாகும் நேரத்தில் வாரம் இரண்டு தடவை, இருபது நிமிடம்: குந்துதல், இடுப்பை மடித்துக் குனிதல், ஒற்றைக் காலில் தாவி நின்று மூன்று எண்ணுதல், 2 கிலோ மெடிசின் பாலை (கனமான பயிற்சிப் பந்தை) பக்கவாட்டில் சுவரில் எறிதல். எறிதல் ஒரு பக்கத்துக்கு ஆறு, மூன்று சுற்று. இரண்டு பக்கமும் கட்டாயம், இடக்கைப் பக்கம் எறிவது அசிங்கமாக இருக்கும், அதற்காகவே செய்ய வேண்டும்.

ஒரு சோதனை: நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோளின் குறுக்கே ஒரு குச்சி, முழங்கால்கள் ஒட்டியிருக்க, உடம்பை மட்டும் இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். 45 டிகிரி போனால் சரி. எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை நீளாததால் இந்தக் காலத்தில் திருப்பம் குறையும், தொடையின் பின்தசை இறுகும். அப்போது ‘இன்னும் திரும்பு’ என்று கத்தினால், திரும்ப முடியாத முதுகுக்குப் பதில் இடுப்பை வழுக்கவிட்டு ஈடு கட்டுவான்.

வலு உயரத்துக்குப் பின்னால்தான் வரும். உயர வேகம் உச்சம் தொட்டு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் கழித்துத் தசையும் வலுவும் ஏறும். டிரைவர் தூரம் அதோடு தானாகவே வரும். இப்போது 160 கஜத்தை 180 ஆக்கப் பாடுபடுவது, வரப்போகும் சம்பளத்துக்கு முன்கூட்டியே வட்டிக்கு வாங்குகிற மாதிரி.

இரும்பு ஏழு | 18 ஜனவரி

அடிக்கும் வேகத்தைத் தள்ளிப்போடு என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸின் கோச் ஜாக் கிரவுட் சிறுவனிடம் முதலில் பலமாக அடி, நேராக அடிப்பதைப் பிறகு பார்க்கலாம் என்றுதான் சொல்லி வளர்த்தார். கோல்ஃப் புள்ளிவிவர ஆய்வாளர் மார்க் பிராடியின் கணக்கும் அந்தப் பக்கம்தான்: நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரானவருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 100 கஜத்துக்கு அப்பாலான அடிகளில் வருகிறது. பட்டிங்கிலேயே காலம் தள்ளினால் அந்தப் பங்கை எங்கே சம்பாதிப்பது?

மணற்குழி | 18 ஜனவரி

நியாயமான கேள்வி. பலமாக அடிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, எண்ணிக்கையைத்தான் குறைத்தேன். அந்த 40-ல் கடைசி 10 பந்து டிரைவர், எங்கே போகிறது என்று பார்க்காமல், சமநிலை கெடாமல் முழு பலத்தோடு. டூரில் சராசரி டிரைவர் வேகம் மணிக்கு 115 மைல் அளவில், பந்து வேகம் அதைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு. நடுவில் படாவிட்டால் அந்த ஒன்றரை 1.3 ஆகிவிடும். கிளப் வேகம் ஏறாமலே இரண்டு செ.மீ. தள்ளிப் பட்டதில் தொலைகிற கஜங்கள் ஏராளம். எனவே முகத்தில் எங்கே படுகிறது என்று பாருங்கள்: பந்தின் பின்புறம் வெள்ளைப்பலகை மார்க்கரால் ஒரு பொட்டு வைத்து, பொட்டு கிளப்பைப் பார்க்கும்படி வைத்து அடித்தால் முகத்தில் அச்சு விழும். துணியால் துடைத்தால் போய்விடும்.

அயர்னுக்கு வேறு சோதனை. மணலில் அல்லது புல்லில் ஒரு கோடு கிழித்து, பந்தில்லாமல் பத்து முறை வீசுங்கள். கோட்டிலோ கோட்டுக்கு இலக்குப் பக்கத்திலோ மண் வெட்டத் தொடங்கிய அடிகள் எத்தனை? வாரம் ஒரு முறை அந்த எண்ணை எழுதுங்கள். வளர்ச்சிக் காலத்தில் ஸ்கோரைவிட இதுதான் உண்மை பேசும்.

இரும்பு ஏழு | 19 ஜனவரி

10 பந்து டிரைவர் என்றால் சமாதானம்.

மணற்குழி | 20 ஜனவரி

மைதானத்தின் நீளத்தை யாருமே கேட்கவில்லை. 160 கஜம் அடிக்கிறவன் 5,900 கஜத்தில் ஆடுவது, 250 கஜம் அடிக்கும் பெரியவர் 9,200 கஜ மைதானத்தில் ஆடுவதற்குச் சமம். அப்பா ஒரு நாள் ஆடிப் பார்க்கலாம். டிரைவர் 150 கஜம் போகிறவருக்கு 18 ஹோலுக்கு 3,500 முதல் 3,700 கஜம் என்பதுதான் அமெரிக்கச் சங்கங்கள் சொல்லும் அளவு. 175 போனால் 4,400 முதல் 4,600. உங்கள் பையனுக்கு 4,000-ஐ ஒட்டி வருகிறது. அந்தத் தூரத்தில் டீ (ஹோலைத் தொடங்கும் இடம்) இல்லாவிட்டால் ஃபேர்வேயில் (நடுவிலுள்ள வெட்டிய புல்வெளியில்) ஒரு இடத்தைக் குறித்து அங்கிருந்து தொடங்குங்கள்.

நீளம் அதிகமானால் என்ன கெடும் என்றால், ஒவ்வொரு பார்-4-லும் இரண்டாவது அடிக்கும் மரக்கிளப் (நீளமாக அடிக்கும் கிளப்), மூன்றாவதுக்கும் மரக்கிளப். அயர்னால் கிரீனை (குழி இருக்கும் வழவழப்பான புல்தரையை) நோக்கி அடிக்கும் பழக்கமே வராது. எட்டாத தூரத்துக்கு எட்டிப் பிடிக்க வலத்தோளால் வீசுவான், அந்த 6 டிகிரி இடப்பக்கப் பாதை அங்கேதான் பிறந்திருக்கும் என்பது என் ஊகம்.

இன்னொரு வழியும் உண்டு. ஒன்பது ஹோலையும் 25 கஜத்திலிருந்து ஆடி 36-க்குள் முடித்தால் 50 கஜத்துக்குப் பின்வாங்குவது, அங்கேயும் 36 வந்தால் 100, பிறகு 150. 13 வயதுக்காரனுக்கு 25 கஜம் குழந்தைத்தனமாகத் தோன்றும். ஆடவிடுங்கள். முதல் நாளே 36-க்குள் வராது.

தாமதத் தொடக்கம் | 2 பிப்ரவரி

குறுக்கே வருகிறேன். எனக்கு 41, தொடங்கி எட்டு மாதம். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

மணற்குழி | 2 பிப்ரவரி

உயரத்தை அளக்க வேண்டாம், அகலத்தை வேண்டுமானால் அளங்கள். படி வரிசை, மறுநாள் முதல் பத்துப் பந்து, கோட்டுச் சோதனை, மைதான நீளம் எல்லாம் அப்படியே பொருந்தும். தசைநார் தாமதமாகப் பழகும், அதனால் முழு ஸ்விங்கை அடுத்தடுத்த நாளில் வைக்காதீர்கள். ரேஞ்சில் செயற்கைப் புல் பாயில் அடிப்பவர் என்றால் 50 பந்தோடு நிறுத்துங்கள். பாய் கிளப்பை வழுக்கவிட்டு, மண்வெட்டும் அடியைக்கூட நல்ல அடியாகக் காட்டும், அதிர்ச்சி முழங்கைக்குப் போகும். இரண்டரை மீட்டர் தூரப் பட்டிங்கைத் தவறவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள், டூர் ஆட்டக்காரர்களே 8 அடி தூரத்திலிருந்து பாதிதான் போடுகிறார்கள்.

புல்நுனி | 21 ஏப்ரல்

கணக்கு கொடுக்கிறேன். ஜனவரி 153, இன்று 155. கோட்டுச் சோதனை ஜனவரியில் 10-க்கு 3, இப்போது 6. ஸ்கோர் 5,900 கஜத்தில் 52, 4,000 அளவுக் குட்டை மைதானத்தில் 43. ஃபுட்பால் தொடர்கிறது. ஹேண்டிகேப் இன்டெக்ஸ் மட்டும் ஏறியிருக்கிறது, அது ஏன்?

மணற்குழி | 22 ஏப்ரல்

இன்டெக்ஸ் கடைசி 20 கார்டில் (ஸ்கோர் சீட்டில்) சிறந்த எட்டின் சராசரி. மாதம் இரண்டு கார்டு போடுகிறவனுக்கு 20 கார்டு என்பது பத்து மாதச் சரித்திரம். போன கோடையின் நல்ல கார்டுகள் இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பின்னால் உதிர்கின்றன. ஏறுவதும் தாமதம், இறங்குவதும் தாமதம்.

அதையே வேறு விதமாகப் பாருங்கள். சிறந்த எட்டையும் மிச்சப் பன்னிரண்டையும் தனித்தனியாகச் சராசரி போடுங்கள். எட்டு நிலையாக இருந்து பன்னிரண்டு மட்டும் வீங்கியிருந்தால் திறமை எங்கும் போகவில்லை, ஆட்டம் ஊசலாடுகிறது; வளர்ச்சிக் காலத்துக்கே உரிய கோலம் அது. எட்டே கெட்டுப்போயிருந்தால்தான் எதையோ மாற்ற வேண்டும்.

இரும்பு ஏழு | 22 ஏப்ரல்

மூன்று மாதத்தில் 2 செ.மீ. என்பதை வைத்து வேகம் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஜூலை அளவு வரட்டும்.

மணற்குழி | 22 ஏப்ரல்

ஆமாம், ஜூலை வரை இரண்டாம் படிதான்.

புல்நுனி | 14 ஜூலை

156. ஆறு மாதத்தில் 3, வருட வேகம் 6. உட்கார்ந்த உயரம்தான் அதிகம் கூடியிருக்கிறது. கோச்சும் கிளப் முகத்தைத் திருத்தத் தொடங்கலாம் என்கிறார். கிளப் செட் முழுக்க மாற்ற வேண்டுமா? பெரியவர் செட் ஒன்று சும்மா கிடக்கிறது, வெட்டிக் கொடுக்கலாமா?

மணற்குழி | 15 ஜூலை

வெட்டாதீர்கள். தண்டை வெட்டினால் விறைப்பு கூடும், தலையின் எடை அப்படியே இருக்கும். பெரியவர் டிரைவர் தலை சுமார் 200 கிராம். குட்டைத் தண்டில் அது வெறும் கட்டை போல வரும், பந்து மேலே எழும்பாது. கனமான கிளப்பைத் தூக்க இடமுழங்கை மடங்கும், பின்வாங்கும்போது உடம்பு முழுக்க வலப்பக்கம் சாயும். ஆறு மாதம் அதோடு பழகினால் ஸ்விங் கோளாறு என்று மறுபடி இங்கே எழுதுவீர்கள்.

7-அயர்னோடு இயல்பாக நிற்கச் சொல்லிப் பக்கத்திலிருந்து பாருங்கள். கிரிப்பின் மேல்முனை வயிற்றில் இடித்தால் நீளம் அதிகம். முதுகு வளைந்து கை முழங்காலை எட்டினால் குட்டை. இடையில் இருந்தால் இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம். இப்போதைக்கு டிரைவரை மட்டும் மாற்றுங்கள், லாஃப்ட் (முகம் மேல்நோக்கிச் சாய்ந்த கோணம்) 13 டிகிரிக்குக் குறையாமல்.

புல்நுனி | 16 ஜூலை

கையும் பெரிதாகிவிட்டது, கிரிப் மெல்லிசாக இருக்கிறது என்கிறான்.

மணற்குழி | 16 ஜூலை

இடக்கையால் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் உள்ளங்கையின் சதையை லேசாகத் தொட்டால் சரி. நகம் குத்தினால் மெல்லிசு, இடைவெளி தெரிந்தால் தடிப்பு. மெல்லிசாக இருந்தால் பழைய கிரிப்பை உரித்துவிட்டு, தண்டில் கூடுதலாக ஒரு சுற்று டேப் ஒட்டி, அதே அளவுக் கிரிப்பைப் போடுங்கள். ஒரு சுற்று போதுமா என்பது அடுத்த நாள் பிடித்துப் பார்த்தால் தெரியும், ஒட்டிய பசை காய்வதற்குள் ரேஞ்சுக்கு அனுப்பிவிடாதீர்கள்.